சாட்சிக் கையெழுத்து வேறு, ஜாமீன் கையெழுத்து வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு தலையங்கத்தில், ‘உக்ரைன் அதிபர் பிடிவாதத்தை விட்டு ஒரு கையெழுத்துப் போட்டால் போர் நாளையே முடிந்துவிடும்’ என்று எழுதியிருந்தீர்கள். முப்பத்தொரு வருடமாகக் காசு கொடுத்து உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: இதை எழுதியவர் தம் வாழ்நாளில் ஒரு பத்திரத்திலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா?

நான் போட்டிருக்கிறேன். பொதுக் கிணற்றில் எனக்கு மூன்று நாள் முறைத் தண்ணீர், பங்காளிக்கு நான்கு நாள் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஸ்டாம்புத்தாளில் எழுதிக்கொண்டோம். இனிமேல் சண்டை எதற்கு என்று என் ஆயில் என்ஜினையும் கழற்றி அவருக்கே கொடுத்தேன். அடுத்த கோடையில் என் முறை நாளிலும் அவர் மோட்டாரைப் போட்டார். சாட்சிகள் நால்வர் வீட்டுக்கும் நடந்தேன். மூத்தவர் மோர் கொடுத்து உபசரித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நாங்கள் போட்டது சாட்சிக் கையெழுத்து, ஜாமீன் கையெழுத்து இல்லை.”

1994 டிசம்பர் 5 அன்று ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் நடந்ததும் இதுதான். சோவியத் யூனியன் விட்டுப்போன, உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியல் அப்போது உக்ரைன் மண்ணில் கிடந்தது. அதை விட்டுக்கொடுக்க அன்றைய உக்ரைன் அதிபர் குச்மா கையெழுத்திட்டார். உன் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யாவின் யெல்த்சின், அமெரிக்காவின் கிளின்டன், பிரிட்டனின் ஜான் மேஜர் மூவரும் கையெழுத்திட்டார்கள். உக்ரைனிய மொழிப் படியில் ‘உத்தரவாதம்’ என்று இருக்கிறது. ஆங்கிலப் படியிலோ வெறும் ‘உறுதிமொழி’. அந்த ஏவுகணைகளை இயக்கும் சாவி மாஸ்கோவிடம்தான் இருந்தது, கொடுத்ததில் என்ன நஷ்டம் என்று உங்கள் கட்டுரையாளர் ஒருவர் முன்பு கேட்டிருந்தார். என் ஆயில் என்ஜினும் பாதி நாள் ஓடாதுதான், ஐயா.

2014இல் உக்ரைனின் கிரிமியா ரஷ்யாவிடம் போயிற்று. அதே ஆண்டு பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் ஒரு போர்நிறுத்த ஒப்பந்தம். 2015 பிப்ரவரி 12இல் அங்கேயே இன்னொன்று. அதன் மை காய்ந்து ஒரு வாரம் ஆவதற்குள் கிழக்கு உக்ரைனின் தெபால்ட்சேவே நகரம் பறிபோயிற்று. 2019 டிசம்பரில் பாரிஸில் புதினுக்கு எதிரே உட்கார்ந்து போர்நிறுத்தத்துக்கும் கைதிகள் பரிமாற்றத்துக்கும் ஒப்புக்கொண்டு வந்தவர், நீங்கள் பிடிவாதக்காரர் என்கிற இதே அதிபர் ஜெலன்ஸ்கி. 2022 பிப்ரவரி 24இல் ரஷ்ய டாங்கிகள் வந்தன. மறுநாள் ஐ.நா. பாதுகாப்பு சபையில் கண்டனத் தீர்மானம் வந்தபோது, ‘வீட்டோ’ என்ற தடுப்பு அதிகாரத்தால் அதை வீழ்த்தியது ரஷ்யா. திருடன் வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்து.

இத்தனைக்குப் பிறகும் அந்த மனிதர் 2022 நவம்பரில் பாலி ஜி20 மாநாட்டில் பத்து அம்சத் திட்டம் ஒன்றைக் காணொளியில் வாசித்தார். அதில் பத்தாவது அம்சமே, போர் முடிந்தது என்று எல்லாரும் கையெழுத்திடும் ஆவணம்தான். கையெழுத்துக்குப் பின் நிற்கப்போவது யார் என்று கேட்கிறார், அவ்வளவே. 2025 பிப்ரவரி 28 அன்று வெள்ளை மாளிகையில் கேமராக்களுக்கு முன் அந்த 2019 போர்நிறுத்தக் கதையைச் சொன்னதற்கு, நன்றி சொன்னாயா என்று திட்டு வாங்கினார். உங்கள் பத்திரிகையோ அவர் கோட்டு அணியாமல் போனதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியது.

உக்ரைன் விஷயத்தில் உங்களோடு எனக்குப் பழைய கணக்கும் ஒன்று உண்டு. 2022 மார்ச்சில் என் தங்கை மகன், கார்கிவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவன், குண்டுச் சத்தத்துக்கு நடுவே பக்கத்து ஊரான பெசோச்சின் வரை பனியில் நடந்தான். இங்கே என் தங்கை மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அந்த வாரம் உங்கள் ஞாயிறு மலரில், ‘நீட்டில் தேறாதவர்கள்தான் உக்ரைன் போகிறார்கள்’ என்று ஒருவர் நையாண்டி செய்திருந்தார். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கவே 2018 முதல் நீட் தேர்ச்சி கட்டாயம் என்பது ஆசிரியர் குழுவுக்குத் தெரியாமலா இருக்கும்? நான் எழுதிய பதில் நான்கு வரியாகச் சுருங்கி, ஒரு லேகிய விளம்பரத்துக்கு அடியில் வெளிவந்தது. அதில் என் ஊர்ப் பெயரும் தப்பு.

அங்கே பதுங்கு அறையில் குழந்தையோடு தூங்குகிறவளுக்கு உங்களையும் என்னையும்விடப் போர் நிற்க வேண்டும். அவளுடைய அதிபர் ஜாமீன் கேட்பதைப் பிடிவாதம் என்று எழுதும் உரிமை தங்களுக்கு உண்டு. கிணற்றுக்காரனுக்கு அதை வாசிக்கும் கஷ்டம் உண்டு.

நான் கேட்பது சின்ன விஷயம். தலையங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த கட்டத்தில் புடாபெஸ்ட் ஒப்பந்தத்தின் ஆண்டை 1996 என்று அச்சிட்டிருந்தீர்கள். 1994 என்று திருத்தம் போடவும். லேகிய விளம்பரத்துக்கு அடியில் என்றாலும் சம்மதம்.

இப்படிக்கு,
கிணற்று வழக்கில் அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்கும்
உங்கள் நெடுநாள் வாசகன்