காக்ளியர் இம்ப்ளாண்ட் செய்யும் மருத்துவர்களுக்கு: அந்தப் பிள்ளையின் கண்ணையும் பாருங்கள்

வணக்கம் டாக்டர்,

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியை நான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்துப் பேசப் பழகிய பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன், உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் பெற்றோரிடம் இதையும் கேளுங்கள்: பிள்ளை எத்தனை மாதத்தில் நடந்தது?

பிறவியிலேயே காது கேளாமல், ஒன்றரை வயது தாண்டியும் நடக்கவில்லை என்றால் அது காதையும் கண்ணையும் சேர்த்துப் பாதிக்கும் அஷர் என்ற பரம்பரை நோயின் முதல் வகையாக இருக்கலாம். இதில் அதிகம் காணப்படுவது மயோசின் 7ஏ என்ற, செல்லுக்குள் சரக்கை நகர்த்தும் மோட்டார் புரதத்தின் மரபணுக் கோளாறு. ஒலியையும் தலையின் அசைவையும் உணரும் உள்காதின் மயிர்ச் செல்களுக்கு இந்தப் புரதம் வேண்டும், அதனால்தான் கேள்வித்திறனோடு உடம்பின் சமநிலையும் போகிறது. கண்ணுக்கும் அதே புரதம்தான் வேண்டும், அங்கே சேதம் மெதுவாக வருகிறது.

மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் விழித்திரையின் குச்சி செல்லில் ஒளியைப் பிடிக்கும் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தினமும் அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு நுனியில் உதிர்கிறது, பக்கத்து நிறமிச் செல்கள் அதை விழுங்கிச் செரிக்கின்றன, அந்த இழப்பை ஈடுகட்ட ஆப்சின் என்ற புரதம் செல்லின் உட்பகுதியில் தயாராகி, மிகக் குறுகலான ஒரு கழுத்தைக் கடந்து மேலே போயாக வேண்டும். வேறு வழியே கிடையாது. மயோசின் 7ஏ இல்லாத எலிகளில் அந்தக் கழுத்தில் ஆப்சின் தேங்குவதையும், உதிர்ந்த தட்டுகள் செரிக்கத் தாமதமாவதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

வகுப்பில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். விளக்கு போடாத வராந்தாவில், பொழுது சாயும் நேரம், எதிரே நிற்கும் தோழி சைகையில் பேசுவது இந்த நோயுள்ள பெண்ணுக்குத் தெரியவில்லை. மாலைக்கண் என்று சொல்லி கேரட்டும் முருங்கைக்கீரையும் கொடுத்துப் பார்க்கிறார்கள், சத்துக் குறைவால் வந்ததாக இருந்தால்தானே அது பலன் தரும்! பிறகு பக்கவாட்டுப் பார்வையும் சுருங்கிவிடுகிறது.

ஒளிக்கு விழித்திரை எழுப்பும் மின் அலையை அளக்கும் ஈ.ஆர்.ஜி. பரிசோதனையில் இது மிகச் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். தெரிந்தால் இரண்டு காதுக்கும் சீக்கிரமே இம்ப்ளாண்ட் வைக்கலாமா என்று யோசிக்கலாம், ஏனென்றால் சைகையை நம்பி வளரும் பிள்ளைக்கு நாளை அதுவும் கைவிட்டுப் போகும். அப்புறம், பெற்றோர் இருவரும் இந்த மரபணுக் கோளாறைச் சுமப்பதால் அடுத்த பிள்ளைக்கும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொடுக்கும் நம் ஊரில் இதை எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

சிகிச்சை இன்னும் வரவில்லைதான். மயோசின் 7ஏ மரபணு, நல்ல மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் வழக்கமான வைரஸ் ஊர்தியில் அடங்காத அளவுக்குப் பெரியது, இரண்டு துண்டாக்கிச் செலுத்தும் முறை இப்போது மனிதர்களிடம் சோதிக்கப்படுகிறது. அது கைக்கு வரும்போது எந்தப் பிள்ளைக்கு எந்த மரபணுவில் கோளாறு என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இம்ப்ளாண்டுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மரபணுப் பரிசோதனைக்கும் விழித்திரை மருத்துவரைப் பார்க்கவும் ஒரு சீட்டு எழுதிக்கொடுங்கள்.