மலை ஏறும் முன்

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுகிறேன். பேரனை முதுகில் கட்டிக்கொண்டு நீ மலையேறிய படம் வந்து மூன்று வாரம் ஆகிறது. “இதெல்லாம் எதற்கு?” என்று ஒரு வரி எழுதினேன். அதற்குப் பிறகு உன் போன் வரவில்லை. அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வார்களைச் சரியாக மாட்டியிருந்தாய். பேரன் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பால்காரரிடம்கூடக் காட்டினேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது சமணர் மலைக்கும் அவனைத் தூக்கிப் போவதாக மருமகள் முன்பே சொல்லியிருந்தாளாம். அடிவாரத்தில், கீழக்குயில்குடியில் ஆலமரமும் தாமரைக் குளமும் இருக்கிறவரை நிழல். படியேறிப் பேச்சிப்பள்ளம் தாண்டினால் வெறும் பாறை. சித்திரையில் எட்டு மணிக்கே அது சுட ஆரம்பித்துவிடும். மேலே வெயில், முதுகோடு ஒட்டினால் உன் உடம்புச் சூடு, இரண்டும் அவனுக்கு. பத்து மாதப் பிள்ளைக்குத் தாகம் என்று சொல்லத் தெரியாது. விடியும்போதே ஏறு, வெயில் ஏறும் முன் இறங்கிவிடு. அடிக்கடி கீழே இறக்கிப் பாலோ தண்ணீரோ கொடுங்கள். பிடரியில் கை வைத்துப் பார். தண்ணீர் குறைந்தால் பாதியிலேயே திரும்பிவிடு.

2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத் தீயில், மலையேறப் போய் இறந்தவர்களில் பலர் உன் வயதுப் பிள்ளைகள். அந்த ராத்திரி நீயும் ஏதோ ஒரு மலையில் இருந்தாய், போன் கிடைக்கவில்லை. விடியும்வரை நான் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை உனக்குச் சொன்னதில்லை. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்.

உன்னைத் தோளில் வைத்து அழகர் மலையில் நூபுர கங்கை வரை ஒரே மூச்சில் ஏறினேன் என்று எத்தனை கல்யாண வீடுகளில் சொல்லியிருப்பேன்! மீதியைச் சொன்னதில்லை. அப்போது உனக்கு ஒன்றரை வயது. பாதி வழியில் அழுதாய். அம்மா இறக்கிவிடச் சொன்னாள். பிடிவாதம் என்று உன்னை அதட்டினேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. தூங்கிவிட்டாய் என்று சந்தோஷப்பட்டு இன்னும் வேகமாக நடந்தேன். மேலே ராக்காயி அம்மன் கோயிலில் இறக்கியபோது உனக்குக் கண் செருகியிருந்தது. உடம்பு கொதித்தது, நாக்கில் ஈரமில்லை. துண்டை நனைத்து உன்மேல் சுற்றித் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன்.

வெயில்தான் காரணம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். வெளியே வந்து, காலையில் அம்மா உனக்குக் கொடுத்த தயிர்சாதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாத்தாவிடம் சொல்லிவிட்டேன். தாத்தா அவளை எல்லோர் முன்னாலும் ஏசினார். அவளும் அதை நம்பிவிட்டாள். வெளியூர் கிளம்பினால் அம்மா ஏன் தயிர்சாதம் கட்டுவதில்லை என்று நீ கேட்பாயே, இதனால்தான்.

இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. நீங்கள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். பேரன் அழுதால் இறக்கிவிடு. அழுகை தானாக நின்றாலும் இறக்கிப் பார்.

போன் செய்தால் முதலில் அவளிடம் பேசு. பேரனுக்குப் பருத்தித் துணியில் தொப்பி தைத்துக்கொண்டிருக்கிறாள். தலைச் சுற்றளவு கேட்கத் தயங்குகிறாள். அளந்து சொல்.

இப்படிக்கு,
அப்பா