இருபத்துநான்காம் படம்

அன்புள்ள இருட்டறை இளவரசே,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உடம்புக்குக் குறையில்லை. தரையோடு உட்கார்ந்து படமெடுத்தால் மட்டும் முழங்கால் எழுந்திருக்க மறுக்கிறது. உன் தங்கையைக் கேட்டதாகச் சொல். கேமராவில் ரோல் மாட்டியதும், ஃபிலிம் நகர்கிறதா என்று தெரிய, ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று இப்போதெல்லாம் மூன்று தடவை பார்க்கிறேன் என்றும் சொல். அவள் சிரிக்கமாட்டாள், தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படமெடுப்பவர்கள் சிலரோடு சேர்ந்திருக்கிறேன். வாரம் ஒரு படம் காட்ட வேண்டும். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. முப்பது வருஷமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று மிதப்பாகத்தான் போனேன்.

முதல் வாரம் அப்பாவின் படம். ஜன்னலோரம் கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பாரே, அது. 50 எம்எம் லென்ஸ், 1.8-க்கு முழுசாகத் திறந்து, 1/15 நொடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தது. அதைவிட நல்ல படம் என்னிடம் இல்லை என்று உன்னிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! ஒரு பொடியன் கேட்டான்: "கை அசைந்திருக்கிறது, முகம் இருட்டில் இருக்கிறது. இதில் நான் எதைப் பார்க்க வேண்டும்?" இன்னொருவர், "சட்டைப் பை ஏன் வலப்பக்கம் இருக்கிறது?" என்றார். நெகட்டிவைப் பக்கம் மாற்றிப் போட்டு ஸ்கேன் செய்திருக்கிறேன், படம் இடவலம் மாறிவிட்டது! மினுமினுப்பான பக்கம் எது, மங்கலான பக்கம் எது என்று உனக்கு நான்தானே பாடம் எடுத்தேன்?

இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் நிதானமாகப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. அந்த அறையின் எண்ணெய் வாசனை, சுத்தியல் சத்தம், அப்பா என்னைப் பார்க்காமலே சிரித்தது, எல்லாம் எனக்குள்தான் இருக்கின்றன, படத்தில் இல்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட், தான் எடுத்த ரோல்களை உடனே கழுவாமல் ரொம்ப நாள் போட்டுவைப்பாராம், எடுத்தபோது இருந்த மனநிலை மறக்கட்டும் என்று. 1984-இல் அவர் இறந்தபோது சுமார் 2,500 ரோல்கள் கழுவாமலே கிடந்தன. அதைக் கேட்டு நாம் எப்படிச் சிரித்தோம்! எனக்கு முப்பது வருஷமும் போதவில்லை.

அடுத்த வாரம் கோபத்தில், பெட்டியில் கைக்கு வந்த நெகட்டிவை எடுத்து ஸ்கேன் செய்து வைத்தேன். மழை விட்ட வாசற்படி, பாதி விரிந்த குடை, கம்பி நுனியில் இப்போதோ அப்போதோ என்று ஒரு துளி. மனுஷ வாடையே இல்லை. அதைப் பார்த்து எல்லோரும் வாயடைத்துப்போனார்கள். "இந்தச் சின்னச் சரிவுதான் உயிர். குடை உருண்டுவிடும் என்று பயமாக இருக்கிறது" என்றான் அதே பொடியன். நான் அடக்கத்தோடு தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வீட்டுக்கு வந்து அந்த நெகட்டிவ் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 23-ஆம் படத்தில் அந்தக் குடையோடு நிற்பவன் நான், நெற்றிக்கு மேலே காணோம். 25-இல் நீ பல்லிளிக்கிறாய். நடுவில்தான் 24. கேமரா அப்போது யார் கையில் இருந்தது? நீ எதை எடுத்தாலும் உலகம் இடப்பக்கம் சரியும். எத்தனை வருஷம் அதற்காக உன்னை ஏசியிருக்கிறேன். கழுவும் தட்டைப் பார்த்ததுமே, "மறுபடியும் கப்பல் கவிழ்ந்ததா?" என்பேன். இந்தக் குடைப்படமும் இடப்பக்கம்தான் சரிகிறது.

ஒருநாள் நீயே கேமராவை மூட்டை கட்டி வைத்துவிட்டாய். "எனக்குக் கண் இல்லைடா" என்றாய். நான் மறுத்துப் பேசவில்லை. அது இப்போதுதான் உறுத்துகிறது.

அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பொடியன் உடனே, "அவருடைய மற்ற படங்களைக் காட்டுங்கள்" என்கிறான். உன் நெகட்டிவ் எல்லாம் எங்கே? எரித்துவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதே. இருப்பதை அப்படியே அனுப்பு. நிமிர்த்தி வெட்டமாட்டேன், சத்தியம்.

என்றும் உன்,
கப்பல் கேப்டன்