கருமுட்டை கொடுப்பவர் கையில் ஒரு தாளைக் கொடுங்கள்

தமிழ்நாடு மாநில செயற்கைக் கருத்தரிப்பு மற்றும் வாடகைத்தாய் வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். முப்பத்தோரு வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றேன். வேலையில் இருந்தவரை இப்படி எழுத முடியாது, அது உங்களுக்கே தெரியும். 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை. ஒரே ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஒரே ஒரு தாளைக் கேட்க வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தாலுகா மருத்துவமனை. எனக்கு ஓய்வுக்கு மூன்று வாரம் இருந்தது. இரவு ஒன்றரை மணிக்கு இருபத்தாறு வயதுப் பெண்ணை மாமியார் ஆட்டோவில் கூட்டிவந்தார். வயிறு ஆறு மாதக் கர்ப்பம்போல உப்பியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, வாந்தி நிற்கவில்லை, மத்தியானத்திலிருந்து சிறுநீர் போகவில்லை. டியூட்டி டாக்டர் வழக்கம்போல கர்ப்பம் பார்க்கும் யூரின் கார்டு போடச் சொன்னார். இரண்டு கோடு விழுந்தது.

அந்தப் பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகி மூன்று வருடம். கணவர் போர்வெல் லாரியில் ஆந்திரா போய் எட்டு மாதம். எங்கள் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம், வீட்டுக்கு வீடு ரிக் வண்டிக்குப் போனவர்கள்தான். மாமியார் அந்தக் கார்டைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், அப்புறம் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் ஸ்கேன் வைத்துப் பார்த்தார். வயிற்றுக்குள் நீர் நிறைந்திருந்தது. ஆபரேஷன் ஆன பெண், கார்டு பாசிட்டிவ், வயிற்றில் நீர். கருக்குழாயில் கர்ப்பம் தங்கி வெடித்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 108-க்குச் சொல்லியாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் தியேட்டரைத் தயாராக வைக்கச் சொல்லிப் பேசியும் ஆகிவிட்டது. ரத்த ரிப்போர்ட் மட்டும் இடித்தது. உள்ளே ரத்தம் கொட்டியிருந்தால் ஹீமோகுளோபின் இறங்கியிருக்க வேண்டும். இவளுக்கு ஏறியிருந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்கும்போது அவள் என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள்: "சிஸ்டர், நான் முட்டை குடுத்தேனுங்க. அத்தைகிட்டச் சொல்லிடாதீங்க."

அதற்குப் பிறகுதான் எல்லாம் பொருந்தியது. மாதம் ஒரு முட்டை முதிர வேண்டிய சினைப்பையில் ஒரே நேரத்தில் பல முட்டைகள் முதிர்வதற்காகப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போடுகிறார்கள். கடைசியில் முட்டைகளைப் பக்குவப்படுத்த ட்ரிக்கர் ஊசி. அது கர்ப்பத்தில் சுரக்கும் அதே ஹார்மோனாக இருந்தால், சில நாள் வரைக்கும் கார்டில் இரண்டு கோடு காட்டும். சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கிவிடும், ரத்தக் குழாயில் இருக்கும் நீர் கசிந்து வயிற்றில் சேரும், ரத்தம் கெட்டியாகும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. முட்டை கொடுப்பவருக்கு வேறு வகை ட்ரிக்கர் ஊசி போட்டால் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். இவளுக்கு ஏன் அதைப் போடவில்லை என்று கேட்க நான் டாக்டர் இல்லை. நீங்கள் கேட்கலாம்.

டாக்டர் அவளிடம் கேட்டார். என்ன ஊசி போட்டார்கள்? தெரியவில்லை. எத்தனை முட்டை எடுத்தார்கள்? சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரி? வேனில் கூட்டிப்போனார்கள், மூன்றாவது மாடி, பேர் ஞாபகமில்லை. கையெழுத்துப் போட்டாயா? நிறையப் போட்டேன், எல்லாம் இங்கிலீஷ். அவர்கள் உனக்கு ஏதாவது தாள் கொடுத்தார்களா? பர்ஸைத் திறந்து காட்டினாள். ஒரு துண்டுக் காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு செல் நம்பர், பக்கத்தில் "அக்கா" என்று எழுதியிருந்தது. நான்கு தடவை அடித்தேன். நாலாவது தடவை ஸ்விட்ச் ஆஃப்.

சினைப்பை அந்த அளவு வீங்கியிருக்கும்போது குழாய்க் கர்ப்பம் என்று வயிற்றைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் வராது. அவள் வாய் திறந்ததால் பிழைத்தாள். மயங்கிய நிலையில் வந்திருந்தால்?

எனவே என் கோரிக்கை இதுதான். கருமுட்டை எடுத்த அன்றே, கொடுத்தவர் கையில், தமிழில், ஒரு பக்கத் தாள். போட்ட ஊசிகள், ட்ரிக்கர் எது, எடுத்த தேதி, எத்தனை முட்டை, காப்பீட்டுப் பாலிசி எண், எந்த அறிகுறி வந்தால் உடனே ஓட வேண்டும், ராத்திரியிலும் எடுக்கிற ஒரு போன் நம்பர். தாள் கொடுக்காமல் எந்தப் பெண்ணையும் வெளியே அனுப்பக் கூடாது என்று ஓர் உத்தரவு. அவ்வளவுதான்.

காப்பீடு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். என் ஓரகத்திக்கு நாற்பத்தோரு வயதில், தானமாக வந்த கருமுட்டையால்தான் குழந்தை பிறந்தது. பதினான்கு வருடக் காத்திருப்பு, அந்தக் கஷ்டத்தையும் கூடவே இருந்து பார்த்தவள் நான். அதனால் கருமுட்டை வாங்குகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. முட்டை கொடுக்கும் பெண்ணுக்குப் பன்னிரண்டு மாத மருத்துவக் காப்பீட்டைத் தம்பதிதான் எடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்தார்கள், பில்லில் அந்த வரி இருந்தது. பாலிசி நகல் கேட்டதற்கு, டோனர் விவரம் ரகசியம் என்றார்கள். பெயரை மறைத்துவிட்டுக் காட்டுங்கள் என்றாள். அதற்கும் பதில் இல்லை. குழந்தையின் ஒவ்வொரு பிறந்த நாளிலும் விளக்கேற்றும்போது அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும் என்று சொல்லிக்கொள்கிறாள். பணம் கட்டியவருக்கும் பாலிசி தெரியாது, யார் பேரில் கட்டினார்களோ அவருக்கும் தெரியாது என்றால், அது யாருக்கான காப்பீடு?

சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். 23 முதல் 35 வயது வரை, வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் ஏழு முட்டை, ஒருவர் கொடுத்தது ஒரு தம்பதிக்கு மட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சினைப்பைக்குச் சட்டம் தெரியாது, ஊசி போட்டால் ஏழோடு நிற்காது. கொடுத்தவர் கையில் கணக்கே இல்லாதபோது ஏழா பதினேழா என்று யார் சாட்சி சொல்வது? இது முதல் தடவையா என்று அவளிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பத்து வருடம் ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, யாரிடம் என்றால் அந்த கிளினிக், வங்கிகளிடமே. குறை கேட்கும் பிரிவும் ஒவ்வோர் இடத்திலும் இருக்க வேண்டுமாம். மூன்றாவது மாடி என்று மட்டும் தெரிந்தவள் அந்தப் பிரிவைத் தேடி எந்த மாடிக்கு ஏறுவாள்?

'தானம்' என்கிறோம். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் தறி ஓடாத மாதத்தில்தான் இந்தத் தானம் அதிகம் நடக்கிறது. 2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் விவகாரம் வெளியே வந்தது. போலி ஆதாரில் வயதைக் கூட்டி, பல முறை கருமுட்டை எடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியிலேயே புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். விசாரணைக் குழு வந்தது, நடவடிக்கை வந்தது, தொலைக்காட்சி வந்தது. 2025-இல் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் கிட்னி விற்பனை விவகாரம். அதற்கும் குழு. அடுத்து எந்த உறுப்புக்குக் குழு போடலாம் என்று இப்போதே பட்டியல் தயாரித்து வைத்துக்கொண்டால் நேரம் மிச்சமாகும்.

மன்னிக்கவும். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். உங்களிடம் உதவி கேட்டு எழுதுகிற மடலில் இப்படி எழுதியிருக்கக் கூடாது.

என் கோரிக்கைக்கு எதிராக ஒரு நியாயமான காரணம் இருக்கிறது, அதை அவளே சொன்னாள். ஆறாம் நாள் வீட்டுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துவிட்டு, "இதுல அது எழுதாம இருக்க முடியுங்களா?" என்று கேட்டாள். வீட்டுக்குத் தெரியாமல் செய்கிறவர்களுக்கு இந்தத் தாளே வினையாகலாம். உண்மைதான். அதனால் தாள் என்பது ஏ.டி.எம். கார்டு அளவில் இருக்கட்டும். மேலே ஒரு எண்ணும் போன் நம்பரும் மட்டும் போதும். அந்த எண்ணைச் சொன்னால், எந்த அரசு மருத்துவமனையின் டியூட்டி டாக்டருக்கும் மற்ற விவரங்கள் ஐந்து நிமிடத்தில் கிடைக்க வேண்டும். காப்பீட்டு எண்ணும் அந்த விவரங்களோடு சேரட்டும். முழு விவரம் வேண்டும் என்கிற பெண்ணுக்கு முழுத் தாள், வேண்டாம் என்கிறவருக்குக் கார்டு. எது என்று அவரே முடிவு செய்யட்டும், கூட்டிவந்த ஏஜென்ட் முடிவு செய்ய வேண்டாம்.

கருமுட்டை வங்கிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் பதிவு கொடுத்துப் புதுப்பிக்கிற அதிகாரிகளின் வேலையைக் கவனிப்பது நீங்கள்தான். தாள் கொடுக்காத இடத்துக்குப் பதிவு இல்லை என்று அவர்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பும்படி நீங்கள் செய்தால் போதும். அச்சடிக்கிற செலவைப் பற்றி யாராவது பேசினால், கிளினிக்குகள் ஒரு சிகிச்சைச் சுழற்சிக்கு வாங்கும் பில்லை ஒரு தடவை வரவழைத்துப் பாருங்கள்.

மாதிரித் தாள் ஒன்றை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். மருத்துவப் பகுதியை நிபுணர்கள் திருத்தட்டும். "மூச்சுத் திணறினால், சிறுநீர் குறைந்தால், வயிறு உப்பினால் காத்திருக்காதீர்கள்" என்ற வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

கருமுட்டை கொடுப்பவர் கையில் அந்தத் தாளோ கார்டோ இருக்கும்படி உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நேரில் வரச் சொன்னால் என் செலவில் சென்னைக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்.