பாதி ஏட்டை ஓதித் தந்தவர்

ஓலைச்சுவடித் துறை ஆசிரியப் பெருமக்களுக்கும் உடன் ஆய்வாளர்களுக்கும் என்னைத் தாங்கிய அனைவருக்கும் வணக்கம்.

இன்று முற்பகல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் என் பொது வாய்மொழித் தேர்வு நிறைவுற்றது. முனைவர் பட்டத்திற்குப் பரிந்துரைப்பதாகப் புறத்தேர்வாளர் அறிவித்ததும் எழுந்த கைத்தட்டல் காதில் இருக்கும்போதே இதை எழுதுகிறேன். சென்ற மார்கழியில் அதுவரை செய்த ஆய்வுப் பணியெல்லாம் கைவிட்டுப் போனதை நீங்கள் அறிவீர்கள். அதை மீண்டும் எழுத மனம் வரவில்லை. கால நீட்டிப்புப் பெற்றுத் தந்த நெறியாளருக்கும், இரவிரவாக விழித்திருந்து பக்கங்களைத் தட்டச்சு செய்து கொடுத்த விடுதித் தோழியருக்கும், எதுவும் கேட்காமல் பணம் அனுப்பிய அண்ணனுக்கும் என் நன்றி.

ஆனால் இன்று அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏடுகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசிக் காத்துவரும் ஐயா அவர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எல்லாம் போன பிறகு பழைய கணக்கு வாய்பாட்டு நூலான எண்சுவடியின் மூல ஏடுகளிடமே திரும்பி வந்து, முதல்முறை தாண்டிச் சென்றிருந்த ஓர் ஏட்டின் முன் உட்கார்ந்திருந்தேன். கீழ்வாய் இலக்கம், அதாவது ஒன்றுக்குக் குறைந்த பின்ன எண்கள், சொல்லும் அந்த ஏட்டின் வலப்புறம் செல்லரித்துப் போயிருந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை, ரகரத்திற்கும் துணைக்காலுக்கும் (ா) வேறுபாடில்லை. எஞ்சியிருந்த எழுத்துகளை மெல்ல வாய்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தேன். "காணி இரண்டு" என்பதோடு வரி நின்றது. "அரைமா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கையிலிருந்த துணியை வைக்காமலே, "முந்திரி இரண்டு அரைக்காணி, அரைக்காணி இரண்டு காணி" என்று தொடக்கத்திலிருந்து ராகமாக ஓதத் தொடங்கினார். திண்ணைப் பள்ளி நடத்திய தம் தாத்தாவிடம் சிறுவயதில் கேட்டதாம்.

முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, அரைமா 40இல் ஒரு பங்கு என்று கணக்கிட எனக்குத் தெரியும். ஆனால் வரி எந்தச் சொல்லில் முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்பதைக் கணக்கால் மட்டும் மீட்க முடியாது. கண்ணால் மட்டுமே நான் வாசித்துவந்த நூல், பிள்ளைகள் கூட்டமாக ஓதுவதற்கென எழுதப்பட்டது என்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு நாள்தோறும் உணவு இடைவேளையை அவர் எனக்காக விட்டுக்கொடுத்தார். இன்று தேர்வாளர் மிகவும் பாராட்டிய ஐந்தாம் இயல் அந்த இடைவேளைகளில் பிறந்தது. பல்கலைக்கழகம் ஓர் ஆய்வைக் கொண்டாடும் நாளில் மேடையில் ஒருவர் பெயர்தான் ஒலிக்கிறது. ஏட்டை அழியாமல் காத்த கைகளுக்கும் அந்தக் கைத்தட்டலில் பங்குண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இச்சுவடியைப் பதிப்பிக்கும்போது அவர் ஓதிய ஒலிப்பதிவையும் உடன் வெளியிடுவேன். அதை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். வரும் சனிக்கிழமை அவர் வீட்டிற்குச் செல்கிறேன். முந்திரியிலும் 320இல் ஒரு பங்கான கீழ்முந்திரியின் வாய்பாடு இன்னும் பதிவாகவில்லை.

நன்றியுடன்,
ஓலைச்சுவடித் துறை ஆய்வாளர்