மூன்றே முக்கால் வட்டி என்று தமிழில் அச்சிடட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008-இல் பிறப்பித்த உத்தரவை, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். வட்டி விகிதத்தை முறைப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை ஆணையம் திருத்தி எழுத முடியாது என்ற சட்ட நிலையோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால், அட்டைதாரர்களுக்கு அவர்களுடைய சலுகைகளும் கடமைகளும் முறையாகத் தெரிவிக்கப்பட்டிருக்கின்றன என்று தீர்ப்பில் காணப்படும் கருத்தை, முப்பத்தோரு ஆண்டுகள் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்த என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

சென்ற மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவர், டவுனில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுபவர், பதினான்கு மாத ஸ்டேட்மென்ட்டுகளை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார். தாயாரின் அறுவை சிகிச்சைக்காக கார்டில் தேய்த்த தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். இரண்டு மாதம் தவிர ஒழுங்காகக் கட்டியும் பாக்கி ஏன் குறையவில்லை என்பது அவர் கேள்வி. கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அவர் கட்டி வந்ததும் அதைத்தான். அதை மட்டுமே கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையும், ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, இருக்கத்தான் செய்தது. கடைசிப் பக்கத்தில், பொடி ஆங்கிலத்தில்.

ஒரு ஸ்டேட்மென்ட்டின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். பாக்கி 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 3.75 சதவீத வட்டி 3,750 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 675 ரூபாய், அவர் கட்டும் 5,000 ரூபாயில் அசலில் கழிவது 575 ரூபாய். பழைய பாக்கி நிற்கும்வரை வட்டியில்லா நாட்கள் கிடையாது என்பதால், இடையில் அதே கார்டில் வாங்கிய மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடியிருக்கிறது. "அப்போ இது மூணேமுக்கா வட்டில்லா அண்ணாச்சி!" என்றார். மறுவாரமே மனைவியின் நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துக் கார்டு பாக்கியை அடைத்துவிட்டார்.

கட்டத் தவறிய அந்த இரண்டு மாதத்தில், வசூல் ஏஜென்ட் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்து போலீஸ் வரும் என்று மிரட்டினாராம். இது போலீஸ் வழக்காகாத சிவில் கடன் என்பதும், காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது என்பதும் அந்தத் தம்பிக்கு யாரும் முறையாகத் தெரிவிக்காதவை.

நம் பக்கத்தில் வட்டியை நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்றுதான் பேசுகிறோம். ஒரு வட்டி, இரண்டு வட்டி என்றால் கையெழுத்துப் போடத் தெரியாத ஆச்சிக்கும் விளங்கும்; மூன்றைத் தாண்டினால் கடன் கேட்டு வந்தவரே துண்டை உதறி எழுந்துவிடுவார். 2017 அக்டோபரில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பத்தையே தீக்குளிப்பில் பறிகொடுத்த இந்த ஊருக்குக் கந்துவட்டியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வங்கி வேறு, கந்துவட்டிக்காரர் வேறு என்பதை அறிவேன். ஆனாலும் கந்துவட்டிக்காரர் தம் வட்டியை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்.

அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கே என்று தீர்ப்பாகிவிட்டதால் என் கோரிக்கையும் அவர்களிடமே. கார்டு வட்டி நியாயமாக இருக்க வேண்டும் என்று சொல்லும் நெறிமுறை, எது நியாயம் என்பதை எண்ணில் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும். அதுவரை, குறைந்தபட்சத் தொகைக்குப் பக்கத்திலேயே, அதே தடித்த எழுத்தில், 'நூற்றுக்கு மாதம் மூன்றே முக்கால் ரூபாய் வட்டி. இத்தொகையில் அசலுக்குச் சேருவது இவ்வளவு' என்று தமிழில் ஒரு வரி அச்சிடச் செய்யலாம். விதிமுறைகள் கூடுமானவரை உள்ளூர் மொழியிலும் இருக்கட்டும் என்று அதே நெறிமுறை ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. அந்தக் 'கூடுமானவரை'யை எடுத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கிச் செயலாளர்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.