நல்ல தண்ணியை வேறாக வை

அடிலெய்ட்
மார்ச் 9

அன்பு மகளுக்கு,

சித்திரை விடுமுறைக்குப் பேர்த்திலிருந்து கரவனை இழுத்துக்கொண்டு ரோட்டாலேயே வரப்போகிறீர்கள் என்று அம்மா சொன்ன நேரம் தொடக்கம் எனக்கு நித்திரை குறைவு. பயம் என்று நினைக்காதே, சந்தோஷம்தான். பேரப்பிள்ளைகள் ஜன்னலோரம் இருந்து நலர்போர் வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டு வரப்போகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விசயம். கார், பிரேக், டயர் எல்லாம் மருமகன் பார்த்துக்கொள்வார், அவர் சரியான கவனமான ஆள். நான் தண்ணியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். இதை மடித்துக் கரவன் குசினி லாச்சிக்குள் வைத்துக்கொள்.

உனக்கு யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவு ஞாபகம் இருக்காது. எங்கள் வீட்டுக் கிணறு உவர்க் கிணறு. குளிப்பு, உடுப்புத் தோய்ப்பு, ஆடு மாடு எல்லாம் அதில்தான். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணிக் கிணற்றுக்குப் போகவேணும். அப்பம்மா விடிய முன்னம் இரண்டு குடத்தோடு வெளிக்கிடுவா. பனையோலைப் பட்டையால் அள்ளி, குடத்து வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி வடித்து, ஒன்றைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலும் கொண்டு வருவா. குசினி மூலையில் அந்தக் குடங்களுக்கென்று ஒரு பலகை இருந்தது. எனக்கு எட்டு வயது இருக்கும், விளையாடிவிட்டு வந்து அந்தக் குடத்தில் செம்பு செம்பாக எடுத்துக் கால் கழுவினேன். அவ அடிக்கவில்லை, ஏசவுமில்லை. மிச்சத்தைச் சட்டியில் ஊற்றி மூடிவிட்டு, வெறுங் குடத்தோடு அந்த மத்தியான வெய்யிலில் திரும்பவும் நடந்து போனா. நான் படலையடியில் நின்று அவ போறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குடிக்கிற தண்ணி வேறு, புழங்கிற தண்ணி வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நீங்கள் வரும் ரோட்டுக்கும் நான் சொல்ல இருப்பது அதுதான்.

நலர்போரும் எங்கட யாழ்ப்பாணம் மாதிரிச் சுண்ணாம்புக்கல் நிலம். இரண்டும் மயோசீன் காலத்துக் கல். மழை விழுந்தால் ஆறாக ஓடாது, கல்லுக்குள்ளே இறங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் இறங்கிய மழைத்தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலே மிதந்து நிற்கிறது, அதனால்தான் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு. நலர்போரில் அவ்வளவு மழையும் இல்லை. நிலத்துக்குக் கீழே தண்ணி இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் உப்பு. சுமார் 2,00,000 சதுரக் கிலோமீற்றர் நிலத்தில் ஓர் ஆறு இல்லை.

1841இல் எட்வர்ட் ஜோன் எயர் என்ற ஆங்கிலேயப் பயணி இந்தக் கரையோரத்தால் மேற்கே நடந்தார். மணல்மேட்டில் எங்கே தோண்டினால் தண்ணி ஊறும் என்று அவருக்குக் காட்டியவர்கள் அந்த மண்ணின் ஆதிக்குடிகள். அது இல்லாத இடங்களில் எயரும், கூடப் போன வைலி என்ற நூங்கார் ஆதிக்குடி இளைஞரும் விடியற்காலையில் செடிகளில் நின்ற பனியை ஒற்றி எடுத்துக் குடித்திருக்கிறார்கள். நீங்கள் வரும் ரோட்டுக்கு எயர் ஹைவே என்று பெயர் வைத்தார்கள், வழி காட்டியவர்களின் பெயரை வைக்கவில்லை. மழைத்தண்ணி தேங்கி நிற்கும் பாறைக் குழிகளை எங்கேயாவது கண்டால் பிள்ளைகளைக் கைபோட விடாதே. அது அந்தச் சனங்களின் நல்ல தண்ணிக் கிணறு.

நலர்போருக்கு மேற்கே இருக்கும் நோர்ஸ்மனிலிருந்து கிழக்கே செடுனா வரைக்கும் கிட்டத்தட்ட 1,200 கிலோமீற்றர். இடையில் பலடோனியா, கெய்குனா, கொக்கிள்பிடி, மடுரா, யூக்லா என்று ரோட்ஹவுஸ்கள் வரும். பெற்றோல் கிடைக்கும், சாப்பாடு கிடைக்கும், போத்தில் தண்ணி விலைக்கு வாங்கலாம். கரவன் தாங்கியை அங்கே நிரப்பலாம் என்று மட்டும் நம்பி வராதே. பைப் கண்ட இடத்தில் முதலில் பலகையை வாசி. குடிக்க ஏற்றதல்ல, போர்த் தண்ணி (ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணி) என்று எழுதியிருந்தால் கை கழுவுவதோடு நிறுத்திக்கொள். ஓய்வு இடங்களில் நிற்கும் மழைத்தண்ணித் தாங்கிகளும் சுத்திகரித்தவை அல்ல. கூரையில் காகம் எச்சம் இட்டதும் அதற்குள்தான் வரும். வேறு வழியில்லாமல் எடுத்தால் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடியுங்கள்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. நைத்திரேற்றும் போகாது, தண்ணி வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். எங்கட ஊர் வெங்காயத் தோட்டத்துப் பசளையால் கிணறுகளுக்குள் போனதும் அதே நைத்திரேற்றுத்தான். கைக்குழந்தைகளுக்கு அது கூடாது. உன்ரை சின்னவன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், என்றாலும் தெரிந்து வைத்துக்கொள்.

நீங்கள் நோர்ஸ்மன் வரும்வரை 700 கிலோமீற்றருக்கு மேல். அதுவரைக்கும் எல்லாத் தண்ணியையும் சுமந்துகொண்டு வரத் தேவையில்லை. ஒரு லீட்டர் ஒரு கிலோ. உங்கட கரவனில் 80 லீட்டர்த் தாங்கி இரண்டு, இரண்டும் நிரம்பினால் 160 கிலோ. கரவன் தகட்டில் வெறும் எடை என்று போட்டிருப்பது பொதுவாகத் தாங்கிகள் வெறுமையாக இருக்கும்போது நிறுத்தது. சாமான் ஏற்ற உங்களுக்கு இருக்கும் இடத்தில் தண்ணியும் ஒரு பங்கு கேட்கும். மருமகனிடம் சொல்லி ஒருமுறை எல்லாம் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். பேர்த்திலிருந்து ஒரு தாங்கியை நிரப்பி மற்றதை வெறுமையாக விடுங்கள். இரண்டையும் அரைவாசி நிரப்பினால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் தண்ணி அலைபாயும், கரவன் ஆடும். நோர்ஸ்மனில் இரண்டையும் நிரப்புங்கள். அங்கே பைப்பில் வரும் தண்ணி பேர்த் பக்கத்து மண்டாரிங் அணையிலிருந்து வருகிறது. பாலைவனத்துத் தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லிக்கு 530 கிலோமீற்றர் தூரம் குழாய் போட்டு 1903இல் கொண்டுபோன தண்ணி, பிறகு நோர்ஸ்மனுக்கும் நீண்டது. மூத்தவளைப் பைப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் இதைச் சொல்லு, அவளுக்கு இப்படியான கதை விருப்பம்.

இனி 2016இல் எங்களுக்கு நடந்தது. உனக்கு முழுவதும் சொன்னதில்லை, நீ பயப்படுவாய் என்று அம்மா தடுத்துவிட்டா. கொக்கிள்பிடிக்குக் கிழக்கே இருட்டு முன்னம் ஒரு கிறவல் ஓய்விடத்துக்குள் இறக்கினோம். காலையில் தாங்கி நிரம்பியிருப்பதைக் காட்டும் லைட் நாலும் எரிந்ததைப் பார்த்துத்தான் வந்தேன். அம்மா கோப்பை கழுவப் பைப்பைத் திறந்தா. பம்ப் கத்துது, தண்ணி வரவில்லை. டோர்ச் எடுத்துக்கொண்டு கரவனுக்குக் கீழே குனிந்தேன். தாங்கியின் அடியில் தண்ணி வடிக்கிற சின்னப் பிளாஸ்டிக் பைப் கழுத்தோடு முறிந்திருந்தது, கல் அடித்திருக்க வேணும். முறிந்த நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டு நின்றது, விழவில்லை. அந்தக் கரவனில் இரண்டு தாங்கியும் ஒரே குழாயால் இணைத்தது. ஒன்று போனால் இரண்டும் போச்சு.

அம்மா பிறிஜ்ஜைத் திறந்து எண்ணினா. ஒன்றரை லீட்டர்ப் போத்தில் மூன்று. அந்த இரவு சமைக்கவில்லை, பாணும் ஜாமும். அம்மா தன்ரை பிறஷர்க் குளிசையை அரைக் கோப்பைத் தண்ணியோடு விழுங்கினா, மிச்சத்தை எனக்கு நீட்டினா. விடிய, தள்ளி நின்ற ஒரு வயதான சோடி பத்து லீட்டர்க் கான் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். காசு நீட்டினேன், வாங்கவில்லை. அப்பம்மாவின் பிள்ளையாக இருந்தும், நான் நல்ல தண்ணியையும் புழங்கிற தண்ணியையும் ஒன்றாகவே கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஆகையால் 20 லீட்டர்க் கான் மூன்று வாங்கு, நீல நிறத்தில், உணவுக்கென்றே செய்தது. இரண்டு காருக்குள், ஒன்று கரவனுக்குள். கரவனுக்கு என்ன நடந்தாலும் தண்ணி உன்னோடு நிற்க வேணும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீட்டர் என்று குடிக்கவும் சமைக்கவும் எடுத்து வை. நாலு பேர், 20 லீட்டர். மூன்று நாள் ஓட்டத்துக்கு 60. தாங்கியில் இருப்பதும் நல்ல தண்ணிதான், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காதே. ரோட்டில் நின்றுபோனால் அதுதான் உனக்கு மேலதிகம். தாங்கிப் பைப்புகளுக்குக் கீழே தகட்டுக் கவசம் இருக்கிறதா என்று மருமகன் ஒருக்கால் படுத்துப் பார்க்கட்டும்.

வெளிக்கிடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னம் தாங்கியைக் கழுவ வேணும். மாதக் கணக்காகத் தண்ணி தேங்கி நின்ற தாங்கியின் உட்சுவரைத் தொட்டுப் பார்த்தால் வழுக்கும், பாசி மாதிரி. வாசனையோ சவர்க்காரமோ சேராத வெறும் பிளீச் வாங்கு, நாலு சதவீதம் என்று இருக்கும். முதலில் வடிகட்டியைக் கழற்று. 80 லீட்டர்த் தாங்கிக்கு 80 மில்லிலீட்டர் பிளீச்சை ஒரு வாளித் தண்ணியில் கலந்து ஊற்றி, தாங்கியை நிரப்பு. சுடுதண்ணிப் பைப், குளிர்தண்ணிப் பைப், ஷவர் எல்லாவற்றையும் பிளீச் மணம் வரும்வரை திறந்து மூடு. நாலு மணித்தியாலம் விட்டு வடித்து, மணம் முழுதாகப் போகும்வரை நல்ல தண்ணியால் இரண்டு மூன்று தரம் அலசு. இது கழுவுகிற அளவு, குடிக்கிற தண்ணிக்கு இந்த அளவு போடக் கூடாது. பிளீச்சோடு வேறு எந்தத் துப்புரவுச் சாமானும் கலக்காதே.

வடிகட்டியை நிறையப் பேர் தாங்கிக்குத் தண்ணி ஏற்றும் ஹோஸில் பூட்டுகிறார்கள். கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடும். குளோரின் போன தண்ணி வெய்யிலில் காயும் தாங்கிக்குள் நாட்கணக்கில் நின்றால் அதற்குக் காவல் இல்லை. ஏற்றும்போது மண் தூசு பிடிக்கிற வடிகட்டி காணும். கரி வடிகட்டியைக் குசினிப் பைப்புக்குப் பூட்டு. இந்த இரண்டு வடிகட்டியும் உப்பை எடுக்காது. உப்புப் பார்க்க ஒரு சின்ன மீற்றர் வாங்கி வைத்திருக்கிறேன், தபாலில் வரும். லீட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் காட்டினால் குடிக்க நல்லாயிருக்கும். கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது, அதை மறக்காதே.

தோட்டத்துப் பச்சை ஹோஸைக் கொண்டு வராதே. முதல் பயணத்தில் அதால்தான் நிரப்பினோம். தேத்தண்ணியில் புதுச் செருப்பு மணம். குடிதண்ணிக்கு என்று விற்கும் ஹோஸ் வாங்கு, பாவித்த பிறகு வடித்து இரண்டு நுனியையும் ஒன்றோடொன்று பூட்டி வை, எறும்பும் தூசும் போகாது.

ஹோஸ் என்றதும் இன்னொன்று. செடுனா தாண்டிப் போர்ட் அகஸ்டா பக்கம் வரும்போது பிள்ளைகள் கரவன் பார்க்கில் ஹோஸ் பிடித்து விளையாடக் கேட்பார்கள். வெய்யிலில் கிடந்த ஹோஸில் நிற்கும் சுடுதண்ணியை முழுதாக ஓடவிட்டு, குளிர்தண்ணி வந்த பிறகு கொடு. மூக்குக்குள் அடிக்க விடாதே. சூடான நன்னீரில் வளரும் ஒரு அமீபா மூக்கால் மூளைக்குப் போகும். குடிப்பதால் வராது. அதை 1965இல் முதலில் விவரித்தவர்களில் ஒருவர் அடிலெய்டின் மல்கம் பௌலர், அவரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். வருவது மிக அரிது, வந்தால் பிழைப்பது கடினம். தரைக்கு மேலே நீளமாக ஓடும் குழாய்கள் வெய்யிலில் காய்ந்துதான் இந்தப் பக்கத்தில் முன்னம் அது வந்தது.

சமையலுக்கு அம்மா சொல்லச் சொன்னது: சோறு வடிக்காதே, புட்டும் இடியப்பமும் அவி. மா குழைக்கவும் ஆவிக்கும் கொஞ்சத் தண்ணி காணும். சோறாக்கினால் அரிசி கழுவிய தண்ணியை ஒரு சட்டியில் எடுத்து வைத்து, கோப்பைகளின் முதல் கழுவலுக்குப் பாவி. எண்ணெய்ச் சட்டியைக் கடதாசியால் துடைத்துவிட்டுக் கழுவு. கக்கூசுக்கு ஒரு சின்னச் செம்பு வை, எங்கட சனத்துக்குக் கடதாசி மட்டும் சரிவராது, அந்தத் தண்ணியையும் கணக்கில் எடு. ஷவர் நிமிடத்துக்குப் பத்து லீட்டர் குடிக்கும். அந்த மூன்று நாளும் வாளியில் எடுத்து மேல் கழுவினால் போதும்.

பழம், மரக்கறி மிச்சமிருந்தால் செடுனாச் சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள், முன்னமே சாப்பிட்டு முடியுங்கள். தண்ணிக்கு ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

செடுனா வந்து சேர்ந்ததும் காருக்குள் இருக்கும் கான்களைத் தூக்கிப் பார்த்து, எத்தனை லீட்டர் மிச்சம் என்று எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்
அப்பா